டமரு: தமிழில் என்ன பெயர்?

காத்மண்டு பள்ளத்தாக்கின் கோயில்களில் கூரையின் இறவாரத்தைத் தாங்கச் சாய்வாகப் பொருத்தப்பட்டிருக்கும் மரத்தாங்கிகளை நேபாளத்தில் 'துண்டால்' என்பர். இத்தாங்கிகளிலும் கற்சிற்பங்களிலும் காணப்படும் தெய்வங்களின் கையில் அடிக்கடி தென்படும் சிறு தோற்கருவி டமரு. சிவனுக்கும் பைரவருக்கும் மட்டுமன்றி, பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான நேவார்களில் பௌத்தர்கள் வணங்கும் பன்னிரு கைச் சக்கரசம்வரருக்கும் அது உரியது. இரண்டு முக்கோணங்களை நுனியோடு நுனி ஒட்டியது போன்ற உருவத்தால், தேய்ந்துபோன சிற்பத்திலும் அதை இனங்காண முடிகிறது.

'டமரு', 'டமருக' என்பன வடசொற்கள். கருவி எழுப்பும் ஓசையிலிருந்தே பெயர் பிறந்திருக்கலாம். டகரம் தமிழில் சொல்லுக்கு முதலாகாது என்பதால் நம் நூல்களில் அது 'தமருகம்' ஆயிற்று.

இதற்கு 'உடுக்கை' என்று எழுதிவிடுவது இன்றைய வழக்கம். வடிவம் பொருந்துகிறது, வாசிப்பு பொருந்தவில்லை. உடுக்கையை ஒரு கையில் பிடித்து மறுகை விரல்களால் தட்டுவர். இடையிலுள்ள வார்களை அழுத்தியும் தளர்த்தியும் சுருதியை ஏற்றி இறக்குவர். டமருவையோ எவரும் தட்டுவதில்லை: இடையில் கட்டிய கயிற்றின் முனையிலுள்ள முடிச்சோ மணியோ, மணிக்கட்டைச் சுழற்றும்போது இருபக்கத் தோலிலும் மாறிமாறி மோதுகிறது. பல கைகளில் பல ஆயுதங்கள் ஏந்திய தெய்வத்துக்கு ஒற்றைக் கையால் ஒலிக்கும் கருவியே ஏற்றது என்பதையும் நினைத்துப் பார்க்கலாம்.

சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் காட்டும் தோற்கருவிப் பட்டியலில் உடுக்கை, தமருகம், துடி ஆகிய மூன்றும் தனித்தனியே இடம்பெறுகின்றன. துடியும் இடை சிறுத்த பறையே. 'துடியிடை' என்னும் உவமை அதிலிருந்து வந்தது. எனினும் புறநானூற்றில் துடியன் என்றொரு குடியே சொல்லப்படும் அளவுக்கு அது போரோடும் பாலை நிலத்தோடும் ஒட்டிய கருவி. தில்லைக் கூத்தனின் கையிலுள்ளதைச் சைவ நூல்கள் துடி என்பதால் அங்கே அப்பெயர் நிலைத்துவிட்டது. நேபாளத்துப் பைரவருக்கு அதை அப்படியே எடுத்துச் செல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

வாசிக்கும் முறையையும் சேர்த்துப் பார்த்தால், டமருவுக்கு மிக நெருங்கிய தமிழ்ச் சொல் 'குடுகுடுப்பை'. விடியலில் குறி சொல்லி வருபவர் ஆட்டும் அதே கருவிதான். பெயரும் ஓசையிலிருந்து பிறந்ததே. தெய்வத்தின் கைக்கு அச்சொல் தாழ்ந்தது என்று தயங்குவோர், சிற்ப விளக்கங்களில் 'தமருகம்' என எழுதி, முதல் முறை வரும் இடத்தில் மட்டும் 'குடுகுடுப்பை வகை' என்று சேர்த்துக்கொள்ளலாம்.