ஆர்கானிக் கீரையும் அழுகும்

இந்த மாதத்தில் இது நான்காவது தொட்டி. காலை ஏழு மணிக்கு போன். "சார், மீனெல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. தண்ணி மோர் மாதிரி இருக்கு." போய்ப் பார்த்தால் ஆறு கோல்டு ஃபிஷ்ஷில் இரண்டு ஏற்கெனவே மிதக்கின்றன. மூலையில் ரப்பர் பேண்டைக்கூடக் கழற்றாத ஒரு கட்டு பாலக் கீரை, கொழகொழவென்று. எப்போது போட்டீர்கள் என்றேன். "முந்தாநாள் சார். ஆனா ஆர்கானிக் கடையில வாங்கினது."

இந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பூச்சிமருந்து அடிக்காத கீரை நல்லதுதான். சைபர்மெத்ரின் மாதிரி மருந்துகள் மனிதனைவிட மீனைத்தான் மிக மோசமாகப் பாதிக்கும். ஆனால் மருந்து அடிக்காத கீரை அழுகாது என்று யார் சொன்னது? இரண்டு நாள் வெளியே கிடந்த கீரையை நீங்கள் கூட்டு வைப்பீர்களா? உங்கள் தொட்டியில் அது 28 டிகிரி தண்ணீரில் ஊறிக்கொண்டு கிடக்கிறது. இயற்கையான பொருள் என்பதால்தான் அழுகுகிறது. பிளாஸ்டிக் கீரை போட்டிருந்தால் அழுகியிருக்காது! அழுகினால் அமோனியா, அதிலும் காரத்தன்மை உள்ள போர் தண்ணீரில் அதன் விஷம் இன்னும் அதிகம். போன் பண்ணிய அந்த அம்மா பதற்றத்தில் ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவி வேறு வைத்திருந்தார். அதற்கு இன்னொரு நாள் திட்டுகிறேன்.

காய்கறியே கூடாது என்று சொல்லவில்லை. கோல்டு ஃபிஷ், சில்வர் டாலர், பெரிய கௌராமி எல்லாம் விரும்பிச் சாப்பிடும். ஃபைட்டர் மீனுக்கும் ஆஸ்கார் மீனுக்கும் வேண்டாம்; அவை பூச்சி, புழு, மீன் தின்கிற வகை. உண்மையில் காய் தேவைப்படுவது சக்கர் மீனுக்கு. அதற்குத்தான் யாரும் போடுவதில்லை. "அது கழிவைத் தின்னு தொட்டியைச் சுத்தம் பண்ணிடும்" என்று விற்கிறார்கள், வாங்குகிறார்கள். கழிவைத் தின்று எந்த மீனும் வாழாது. பாசி தீர்ந்ததும் வயிறு ஒட்டிப்போய், கோல்டு ஃபிஷ்ஷின் உடம்பில் ஒட்டி அதன் வழவழப்பைச் சுரண்ட ஆரம்பிக்கும். (ஒன்றரை அடி வளர்ந்துவிட்டது என்று தயவுசெய்து ஏரியில் கொண்டுபோய் விடாதீர்கள்.)

சரி, எப்படிப் போடுவது? வெள்ளரிக்காயைக் கழுவி, தோல் சீவி, ஒரு வில்லை. மிதக்காமல் இருக்க ஸ்டீல் முள்கரண்டியில் குத்திப் போடுங்கள். கீரை என்றால் ஒரு நிமிடம் கொதிநீரில் போட்டு எடுத்து, ஆறவைத்து, இரண்டு மூன்று இலை. கட்டு இல்லை, இலை! பட்டாணியை வேகவைத்து, தோலை உரித்து, நசுக்கிக் கொடுங்கள். உப்பு, எண்ணெய் எதுவும் படக்கூடாது. டின் பட்டாணியில் உப்பு இருக்கும். வாரத்துக்கு இரண்டு நாள் போதும். இரண்டு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். சக்கர் மீன் ராத்திரியில் மேய்வது. அதற்கு விளக்கணைக்கும்போது போட்டு, காலையில் பல் தேய்க்கும் முன் எடுத்துவிடுங்கள்.

அப்புறம், பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் முழு வெள்ளரிக்காயை உள்ளே தள்ளிவிட்டுப் போகாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். வளர்ந்த மீன் நான்கு நாள் சாப்பிடாமல் இருக்கும். போகிற அன்று காலை கொஞ்சம் தண்ணீர் மாற்றி, ஃபில்டர் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு நிம்மதியாகப் பஸ் ஏறுங்கள்.