பாறை இசை அல்ல, உலுக்கிசை

ராக் இசை நிகழ்ச்சி ‘பாறை இசைக் கச்சேரி’ என்று நம் மலேசிய நாளிதழ்களின் கலைப் பக்கத்தில் அச்சாகிறது. பினாங்கு மேடைகளில் அறிவிப்பாளர்கள் அதையே தூய தமிழ் என்று நம்பி முழங்குகிறார்கள். இது தமிழாக்கம் இல்லை, பிழை.

ஆங்கிலத்தில் ராக் என்று ஒலிக்கும் சொற்கள் இரண்டு. பாறையைக் குறிப்பது பழைய பிரெஞ்சிலிருந்து வந்த பெயர்ச்சொல். மற்றது ‘அசை, ஆட்டு’ என்னும் பொருளுடைய பழைய ஆங்கில வினை. தொட்டிலை ஆட்டுவதும் அலையில் கப்பல் ஆடுவதும் இந்த ராக்தான். இசை பிறந்தது வினையிலிருந்து. அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சில் அது பக்திப் பரவசத்துக்கும் ஆட்டத்துக்கும் கட்டில் உறவுக்கும் வழங்கியது. ப்ளூஸ் என்னும் அவர்களது இசைவகையில் 1922-இல் டிரிக்சி ஸ்மித் பாடிய பாட்டின் தலைப்பிலேயே ராக், ரோல் இரண்டும் உண்டு. 1950-களின் தொடக்கத்தில் கிளீவ்லாந்து வானொலி அறிவிப்பாளர் ஆலன் ஃப்ரீட் ‘ராக் அண்ட் ரோல்’ என்பதை ஊரறியச் செய்தார். இதில் கல் எங்கே இருக்கிறது?

‘ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழுவின் பெயரில் கல் இருக்கிறதே’ என்று சிலர் வாதிடுவார்கள். அது ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸின் பாட்டு ஒன்றிலிருந்து எடுத்த பெயர். இசை வகையின் பெயருக்கும் அதற்கும் தொடர்பில்லை. ‘பாறை போல் உறுதியான ஓசை, அதனால் பொருந்தும்’ என்பது இன்னொரு வாதம். தவறான மொழிபெயர்ப்புக்குப் பிறகு காரணம் தேடுவது இது. அதைவிட, தமிழில் கல்லிசை என்றால் நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்கள்தானே நினைவுக்கு வரவேண்டும்? தட்டினால் சுரம் பேசும் கல் நம்மிடம் உண்மையாகவே இருக்கிறது. அந்தப் பெயரை மின்கிதாருக்குக் கொடுப்பது அநியாயம்.

மலாய்க்காரர்களைப் பாருங்கள். 1980-களில் சர்ச் (Search), விங்ஸ் என்னும் ராக் குழுக்கள் நாட்டையே ஆட்டிப் படைத்தபோது அந்த இசைக்கு ‘ராக் காப்பாக்’ என்று பெயர் வந்தது. காப்பாக் என்றால் கோடரி. கோடரியைச் சேர்த்துக்கொண்டவர்கள் ராக்கை, மலாயில் கல்லைக் குறிக்கும் ‘பத்து’ என்று மாற்றவில்லை. பினாங்கின் பத்து ஃபெரிங்கியில் ஹார்ட் ராக் ஹோட்டல் நிற்கிறது. ஊர்ப்பெயரில் உள்ள பத்துதான் கல், ஹோட்டல் பெயரின் ராக் இசையைச் சொல்கிறது. அந்தச் சாலையில் போய்வரும் நாமே இரண்டையும் குழப்பலாமா?

கல்லிலிருந்து வந்த கொச்சை வழக்குகளும் உண்டு என்பது சரிதான். வைரத்தை ராக் என்பார்கள், மதுவில் போடும் பனிக்கட்டியை ராக்ஸ் என்பார்கள், கட்டியாக விற்கும் ஒருவகைக் கொக்கெயினுக்கும் அதே பெயர். ஆனால் ‘யூ ராக்’ என்று ஒருவரைப் பாராட்டுவதும், ஓர் உடையை ‘ராக் பண்ணுவதும்’ இசையின் வழியே வந்தவை. ‘யூ ராக்’ என்பதை ‘நீ ஒரு பாறை’ என்று எழுதுபவர் அகராதியில் முதல் வரியோடு நின்றுவிட்டார். ‘கலக்கிட்டடா!’ என்றால் வேலை முடிந்தது. கலக்கு என்பதும் ஆட்டி அசைக்கும் வினைதான். ஆங்கிலம் நடந்த அதே வழியில் நம் பேச்சுத்தமிழ் தானாகவே நடந்திருக்கிறது. மொழிபெயர்ப்பாளர்கள் காது கொடுத்துக் கேட்பதில்லை, அதுதான் என் பெரிய வருத்தம். தூய்மை வேண்டும் என்பவன் நான். பொருளைத் தொலைத்துவிட்டு வரும் தூய்மை எதற்கு?

சரி, எதைச் சொல்வது? ‘ஆட்டிசை’ என்றால் ஆடு குறுக்கே வரும். ‘துள்ளிசை’யைப் பாப் இசைக்குச் சொல்கிறார்கள், கனத்த, மெதுவான ராக் பாட்டுக்கு அது ஒட்டாது. ‘உலுக்கிசை’ என்பது என் பரிந்துரை. ஊறுகாய் போல வினைத்தொகை. மரத்தையும் உலுக்கலாம், மனத்தையும் உலுக்கலாம். ஹார்ட் ராக்கை ‘வன்னுலுக்கிசை’ எனலாம். வாய்க்குக் கடினமாகப் பட்டால் ‘ராக் இசை’ என்றே எழுதுங்கள், இந்தியில் ராகத்தையும் ராக் என்பதால் ஓரிருவர் மயங்கினாலும் கேடில்லை. பாறையை மட்டும் விட்டுவிடுங்கள்.