மத்தாப்பு வரிசையில் விடைபெறும் மணமக்கள்: அந்தப் படம் எப்படி அமைகிறது?

அமெரிக்கத் திருமணங்களில் வரவேற்பு முடிந்து மணமக்கள் கிளம்பும்போது, விருந்தினர்கள் வாசலில் இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்று மத்தாப்பு கொளுத்திப் பிடிப்பது பரவலான வழக்கம். நடுவே இருவரும் கைகோத்து நடந்து காருக்குப் போவார்கள். நாம் தீபாவளிக்குக் கொளுத்தும் அதே கம்பி மத்தாப்புதான், கொஞ்சம் நீளமானது. இரண்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். இந்தப் படங்களில் முகம் நன்றாக வந்தால் பொறிகள் புள்ளிகளாகச் சுருங்கிவிடும். பொறிகள் அழகாக விழுந்தால் முகம் கலங்கியிருக்கும். முகம், பொறியின் பிரகாசம், பொறியின் நீளம் ஆகிய மூன்றையும் கேமராவில் வெவ்வேறு அமைப்புகள் ஆள்கின்றன. எதை எது ஆள்கிறது என்று புரிந்துவிட்டால் மூன்றையும் ஒரே படத்தில் பிடிக்கலாம்.

முதலில் பொறி. கம்பியின் மேல் பூசப்பட்ட கலவையில் ஆக்சிஜனைத் தரும் நைட்ரேட் உப்பு, எரிபொருளாக அலுமினியத் தூள், இரும்புத் துகள், இவற்றைப் பிணைக்கும் பசை ஆகியவை இருக்கும். எரியும் முனையின் வெப்பம் 1000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அங்கிருந்து வீசப்படும் இரும்புத் துகள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து பறந்தபடியே எரிகிறது, அதுதான் பொறி. துகளில் கார்பன் கலந்த எஃகு இருந்தால், உள்ளே உண்டாகும் வாயு துகளை வெடிக்கச் செய்து ஒரு பொறியைப் பல கிளைகளாகப் பிரிக்கும். பூப்பூவாகச் சிதறுவது அதனால்தான்.

இந்தப் பொறி நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் போவதாக வைத்துக்கொள்வோம். ஷட்டர் (கேமராவுக்குள் திறந்து மூடி ஒளியை விடும் திரை) 1/250 நொடி திறந்திருந்தால் படத்தில் விழும் கோடு சுமார் 1.2 செ.மீ.; 1/60 என்றால் 5 செ.மீ.; 1/15 என்றால் 20 செ.மீ. ஷட்டர் நேரம் கூடக் கூடக் கோடு நீளும். ஆனால் பிரகாசம் கூடாது. பொறி ஓடிக்கொண்டே இருப்பதால், ஒளியைப் பதிவுசெய்யும் சென்சாரின் ஒரு புள்ளியில் அது கண நேரமே தங்குகிறது. அதன் பிறகு ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் அந்தப் புள்ளிக்குக் கூடுதல் ஒளி சேராது. கோட்டின் பிரகாசத்தை மாற்ற அபெர்ச்சரையும் (லென்ஸின் துளை அளவு) ஐஎஸ்ஓவையும்தான் (ஒளியுணர்வு அளவு) தொட வேண்டும். பொறி மங்கலாக விழுகிறதே என்று ஷட்டரை மேலும் மெதுவாக்குவது இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. பொறியின் பிரகாசம் அப்படியே இருக்கும், முகம்தான் கலங்கும்.

முகத்துக்கு ஃபிளாஷ். கால்பங்குத் திறனில் ஒரு சாதாரண ஃபிளாஷ் ஏறத்தாழ 1/1000 நொடியோ அதற்கும் குறைவாகவோதான் மின்னும். அந்த இமைப்பொழுதில் நடக்கிறவரும் உறைந்துபோவார். ஷட்டர் 1/60 ஆனாலும் 1/125 ஆனாலும் ஃபிளாஷ் தரும் ஒளி அதே அளவுதான், கேமராவின் சிங்க் வேகத்தை (ஃபிளாஷோடு ஒத்து இயங்கும் உச்ச ஷட்டர் வேகம், பெரும்பாலும் 1/200 அல்லது 1/250) தாண்டாத வரை. ஆகவே முகத்தின் வெளிச்சத்தை ஃபிளாஷின் திறனால் சரிசெய்யலாம், பொறியின் பிரகாசத்தை அபெர்ச்சரும் ஐஎஸ்ஓவும் பார்த்துக்கொள்ளும், பொறியின் நீளம் ஷட்டரின் பொறுப்பு.

இனி எண்கள். ஃபுல் ஃபிரேம் (பழைய ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேமராவில் 35 மி.மீ. லென்ஸ், அபெர்ச்சர் எஃப்/4, ஐஎஸ்ஓ 1600, ஷட்டர் 1/60, ஃபிளாஷ் 1/16 திறன் என்று தொடங்கலாம். 1/60க்கு இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி சரவிளக்குகள் நொடிக்கு 120 தடவை மின்னி அணையும். 1/60 நொடியில் இரண்டு முழுச் சுற்றுகள் அடங்குவதால் படத்தில் பட்டை விழாது. 50 ஹெர்ட்ஸ் உள்ள இந்தியாவிலும் இலங்கையிலும் அதே வேலைக்கு 1/50. திரை அசையாமல் சென்சாரே படமெடுக்கும் எலெக்ட்ரானிக் ஷட்டர் வேண்டாம். பல கேமராக்களில் அதோடு ஃபிளாஷ் வேலையே செய்யாது.

ஷட்டரை 1/15 வரை இறக்கினால் பொறிகள் மழையாகக் கொட்டும். ஆனால் நொடிக்கு 1.2 மீட்டர் நடக்கும் ஒருவர் அதற்குள் 8 செ.மீ. நகர்ந்திருப்பார். அவர் விலகிய இடத்தில் பின்னாலிருக்கும் மத்தாப்பு பதிந்து, கை கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும். அந்த வேகத்தை மணமக்கள் நடுவழியில் நிற்கும் தருணத்துக்கு வைத்துக்கொள்வதே நல்லது. நடக்கும்போது 1/60க்குக் கீழே போக வேண்டாம்.

கேமராவின் தானியங்கி அளவீட்டை இங்கே நம்பக் கூடாது. ஒரு படத்தில் இருட்டைப் பார்த்து ஒளியைக் கூட்டும். அடுத்ததில் மத்தாப்பைப் பார்த்துக் குறைக்கும். கேமரா, ஃபிளாஷ் இரண்டும் மேனுவலில் இருக்கட்டும். அப்படி வைத்தபின் தூரம் மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் ஃபிளாஷ் ஒளி தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும்: 2 மீட்டரில் விழுவதில் கால்பங்குதான் 4 மீட்டரில் விழும். மணமக்கள் நடக்க நடக்கப் படமெடுப்பவரும் அதே வேகத்தில் பின்னோக்கி நடக்க வேண்டும். ஃபிளாஷைக் கோலில் ஏந்திய உதவியாளரும் கூடவே வர வேண்டும். பின்னால் படி இருக்கிறதா, வயர் கிடக்கிறதா என்று பார்த்துச் சொல்வதும் அவர் வேலையே.

ஃபிளாஷ் ஏன் கேமரா மேல் இருக்கக் கூடாது? புகைதான் காரணம். ஐம்பது பேர் மத்தாப்பு கொளுத்தினால் அரை நிமிடத்தில் புகை சூழ்ந்துவிடும். லென்ஸுக்குப் பக்கத்திலிருந்து கிளம்பும் ஒளி முன்னால் மிதக்கும் புகையில் பட்டு நேரே திரும்பி வந்து படம் முழுக்க வெளுப்பாக்கும். ஃபிளாஷை 45 டிகிரி பக்கவாட்டில், தலைக்கு மேல் உயரத்தில் பிடித்தால் இது பெருமளவு குறையும். காற்று எங்கிருந்து வீசுகிறது என்று பார்த்து வரிசையை அமைத்தால் இன்னும் நல்லது: படமெடுப்பவரின் முதுகுப்பக்கமிருந்து மணமக்களை நோக்கிக் காற்று வந்தால் புகை அவர்களுக்குப் பின்னால் போய்விடும். குறுக்குக் காற்றில் ஒரு வரிசையின் பொறி முழுதும் மணப்பெண்ணின் முக்காட்டுத் துணிமேல் விழும். நைலான் வலைத்துணி உருகிப் பொத்தலாகும்.

நிறமும் கவனிக்க வேண்டியது. பொறியின் ஒளி மஞ்சள். ஃபிளாஷின் ஒளி பகல்போல வெண்மை. அப்படியே எடுத்தால் பொன்னிற வெளிச்சத்துக்கு நடுவில் முகங்கள் மட்டும் நீலம் பூத்துத் தெரியும். ஃபிளாஷ் முகப்பில் ஆரஞ்சு ஜெல் (நிறத் தாள்) ஒட்டி, ஒயிட் பேலன்ஸை (எந்த ஒளியை வெள்ளையாகக் கொள்வது என்ற கேமரா அமைப்பு) 3500 கெல்வின் அருகே வைத்தால் இரண்டும் ஒத்துப்போகும். முழு ஆரஞ்சு ஜெல் ஒளியில் ஏறக்குறைய பாதியை விழுங்கிவிடும், அதனால் திறனை ஒரு படி, அதாவது இரு மடங்காக, ஏற்ற வேண்டும்.

ஃபோகஸைப் பொறுத்தவரை ஆட்டோ ஃபோகஸ் முகத்தை விட்டு மத்தாப்பைப் பிடித்துக்கொள்ளும். மேலே சொன்ன லென்ஸில், எஃப்/4இல், 3 மீட்டரில் ஃபோகஸ் வைத்தால் 2.3 முதல் 4.2 மீட்டர் வரை தெளிவாக இருக்கும். அங்கே ஃபோகஸைப் பூட்டிவிட்டுத் தூரத்தைக் காலால் காப்பாற்றுவது, இருட்டில் லென்ஸ் முன்னும் பின்னும் தேடுவதைவிட எவ்வளவோ மேல்.

இத்தனையும் சரியாக இருந்தும் படம் கெடுவது பெரும்பாலும் பற்றவைப்பதில்தான். 10 அங்குல மத்தாப்பு முக்கால் நிமிடத்தில் முடிந்துவிடும். கடைசி ஆள் கொளுத்துவதற்குள் முதல் ஆளுடையது அணைந்திருக்கும். 20 அங்குலம் சுமார் இரண்டு நிமிடம் நிற்கும், அதையே வாங்க வேண்டும். கலவை மாறினால் எரியும் நேரமும் புகையும் மாறும். இந்தியாவில் பட்டாசில் பேரியம் உப்புகளுக்கு உச்ச நீதிமன்றம் 2018இல் தடை விதித்தது. பழைய மத்தாப்புகளில் ஆக்சிஜன் தந்தது பெரும்பாலும் பேரியம் நைட்ரேட். எனவே வாங்கிய பெட்டியிலிருந்து ஒன்றை முன்கூட்டியே எரித்து நேரம் பார்த்துவிட வேண்டும். பத்துப் பேருக்கு ஒருவர் வீதம் நீள் முனை கேஸ் லைட்டரோடு நிற்கட்டும். கொளுத்தியவர் பக்கத்தில் இருப்பவருக்கு முனையோடு முனை சேர்த்துக் கொடுக்கட்டும். சீக்கிரம் பற்றட்டும் என்று பலவற்றைக் கட்டாகச் சேர்த்துக் கொளுத்தவே கூடாது. மொத்தமும் ஒரே நேரத்தில் எரிந்து வெடிபோலச் சீறும்.

வரிசைகளுக்கு நடுவே 2 மீட்டர் இடைவெளி, கை தோளுக்கு மேலே, சிறுவர்கள் வரிசைக்குப் பின்னால். பாதி வரிசை பற்றியதுமே மணமக்கள் கிளம்பலாம், மீதி அவர்கள் நெருங்குவதற்குள் பற்றிவிடும். வரிசையின் இரு முனைகளிலும் தண்ணீர் வாளி வேண்டும். மணல் தூவி மூடினால் எரியும் மத்தாப்பு அணையாது, அதன் ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. தண்ணீரில் முழுக அமிழ்த்திக் குளிரவைக்க வேண்டும். அணைந்த கம்பியும் வெகுநேரம் தோலைச் சுடும் சூட்டில்தான் இருக்கும், புல்லில் போட்டால் வெறுங்காலோடு ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் மிதிப்பார்கள்.