மிகுபகு எண்

இராமானுஜன் 1915இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அதன் தலைப்பு 'ஹைலி காம்போசிட் நம்பர்ஸ்'. இதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம்?

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகள் உடைய எண் இது. 12க்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு காரணிகள். அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் ஆறு கிடையாது. 24, 36, 48, 60 எல்லாம் இதே சாதி. நாளுக்கு 60 நாழிகை, மணிக்கு 60 நிமிடம் என்று வைத்ததில் ஒரு வசதி உண்டு: பாதி, கால், மூன்றில் ஒன்று, ஐந்தில் ஒன்று, எப்படிப் பிரித்தாலும் மிச்சம் விழாது. கோடி பார்க்கத்தான் பெரிது; அதற்கு 64 காரணிகளே. அதைவிடச் சிறிய 86,48,640க்கு 448!

சரி, சொல்லுக்கு வருவோம். 'காம்போசிட்' லத்தீன் வழி வந்தது. சேர்த்து வைத்தது என்று பொருள். சிறு எண்களைப் பெருக்கிக் கட்டியது என்பது அந்தப் பார்வை. தமிழ் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கிறது. பகு என்றால் பிரி. குறளின் 'பகுத்துண்டு' இந்த வேர்தான். நன்னூலின் பகுபதம், பகாப்பதம் போலவே கணக்கில் பகு எண், பகா எண். காரணிகளை எண்ணுவதென்பது எத்தனை வகையில் பகுக்கலாம் என்று எண்ணுவதுதானே. இந்த இடத்தில் தமிழ்ச்சொல்தான் பொருத்தம் என்பேன். 'உயர் பகு எண்' என்பது சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு, உயரத்துக்கு இங்கே வேலையில்லை. 'மிகுபகு எண்' என்றால் மிகுதியாகப் பகுபடுவது என்று தானே விளங்கும். ஒரு குறை உண்டு: வரையறைப்படி 2ம் இந்தக் கூட்டத்தில் சேரும், ஆனால் அது பகா எண். ஆங்கிலப் பெயருக்கும் இதே சங்கடம்தான்.

இந்த எண்களைப் பகா எண்களாக உடைத்தால் 2, 3, 5 என்று இடையில் ஒன்றும் விடுபடாமல் வரும். அடுக்குகள் போகப்போகக் குறையுமே தவிரக் கூடாது. கடைசிப் பகா எண் ஒரே ஒரு முறைதான் வரும், 4ம் 36ம் மட்டும் விலக்கு. இதையெல்லாம் நிறுவிய இராமானுஜன், 67,46,32,83,88,800 வரை ஒரு பட்டியலும் போட்டார். அதில் ஒன்றே ஒன்று தவறிப்போனது: 2,93,31,86,25,600. வேடிக்கை என்னவென்றால், தவறியதை 23ஆல் பெருக்கினால் பட்டியலின் கடைசி எண் வந்துவிடும்.

தவறிப்போன அந்த எண்ணில் ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7, அப்புறம் 11, 13, 17, 19 ஒவ்வொன்று. அடுக்குகளோடு ஒன்று கூட்டிப் பெருக்கினால் காரணிகளின் எண்ணிக்கை 5040. அந்த 5040ம் ஒரு மிகுபகு எண். அதற்கு 60 காரணிகள். 60க்கு 12, 12க்கு 6, 6க்கு 4. எல்லாமே மிகுபகு எண்கள். 4க்கு வரும்போது 3 காரணிகள். 3 பகா எண், சங்கிலி அங்கே அறுந்துவிடுகிறது.