பயான்: சொற்பொழிவா, விளக்கவுரையா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பள்ளிவாசல் பலகையில் ‘மஃரிபுக்குப் பின் பயான்’ என்று எழுதியிருந்தால், அந்தித் தொழுகை முடிந்ததும் ஹஸ்ரத் ஒருவர், அதாவது ஆலிம் எனப்படும் மார்க்க அறிஞர், மார்க்க விஷயம் பேசப்போகிறார் என்று அர்த்தம். ‘பயான் பண்றாங்க’, ‘பயான் கேட்டோம்’ என்பது பேச்சு வழக்கு. நபிகள் பிறந்த ரபீஉல் அவ்வல் மாதத்தில் முதல் 12 இரவுகளும் தொடர் பயான் வைப்பதுண்டு.

‘பயன்’ என்ற தமிழ்ச் சொல்லுக்கும் இதற்கும் உறவில்லை. இது அரபு. பே, யே, நூன் ஆகிய மூன்றெழுத்து வேருக்குப் பிரிதல், விலகித் தெரிதல், தெளிவாதல் என்று பொருள். ‘இடையே’ என்பதைக் குறிக்கும் ‘பைன’வும், மணவிலக்கில் வரும் ‘பாயின் தலாக்’கும் இதே வேரில் வந்தவைதான். குழம்பிக் கிடப்பதைப் பிரித்துக் காட்டினால் தெளிவு வரும். பயான் என்பது அந்தத் தெளிவு. குர்ஆனின் 55ஆம் அத்தியாயம் 4ஆம் வசனம், இறைவன் மனிதனுக்குப் பயானைக் கற்றுத்தந்ததாகச் சொல்கிறது. அங்கே மேடையும் இல்லை, மைக்கும் இல்லை. மனத்தில் இருப்பதை விளங்கச் சொல்லும் ஆற்றலைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது. பிற்கால அரபு அணியிலக்கணத்தில் உவமை, உருவகம் பற்றிய பிரிவுக்கு ‘இல்முல் பயான்’ என்று பெயர். உருதுவில் கோர்ட்டில் கொடுக்கும் வாக்குமூலமும் பயான்தான்.

குத்பா வேறு. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையிலும் பெருநாளிலும் வழிபாட்டோடு சேர்ந்து நிகழ்த்தப்படுவது அது, நிகழ்த்துபவர் கத்தீபு. பல பள்ளிகளில் குத்பா அரபியில் இருப்பதால், அதற்கு முன் தமிழில் ஒரு பயான் நடக்கும். இரண்டையும் ஒன்றாக நினைப்பது இதனால்தான்.

சரி, ஒரு கல்லூரி அரங்கில் இஸ்லாமியச் சிந்தனை, மரபு, சமூகம் பற்றிப் பேராசிரியர் ஒருவர் ஆதாரங்களோடு பேசி, வந்தவர்கள் எழுந்து கேள்வி கேட்டால்? அதைப் பயான் என்று யாரும் சொல்வதில்லை. அரபியில் அதற்கு ‘முஹாளரா’ என்று பெயர். முன்னிலையில் இருத்தல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. நாம் பள்ளிக்கூடத்திலும் கோர்ட்டிலும் சொல்லும் ‘ஆஜர்’, ஆலிமை அழைக்கும் ‘ஹஸ்ரத்’ இரண்டும் அதன் உடன்பிறப்புகள்.

இனி, தமிழில் என்ன சொல்வது? நோட்டீஸ்களில் ‘மார்க்கச் சொற்பொழிவு’ என்றுதான் அதிகம் அச்சாகிறது. 1939-இல் சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்கிய காரைக்குடிக்குச் சொற்பொழிவு என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பொழிவது என்றாலே மழைதான் நினைவுக்கு வருகிறது. எவ்வளவு கொட்டியது என்பதே கணக்கு. பயானில் கணக்கு, கேட்டவருக்கு விளங்கியதா என்பது. ஆகவே ‘மார்க்க விளக்கவுரை’ என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ‘தெளிவுரை’ வேருக்கு இன்னும் நெருக்கம்தான், ஆனால் அதை நூல்களுக்கு எழுதும் உரைக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம்.

முஹாளராவுக்கு ‘ஆய்வுரை’ போதும். ஆண்டுதோறும் ஒருவர் பெயரில் நிதி வைத்து நடத்துவதானால் ‘அறக்கட்டளைச் சொற்பொழிவு’ என்று பல்கலைக்கழகங்களில் பழகிவிட்டது, அதை மாற்றவேண்டாம். பள்ளிவாசல் பலகையிலும் பயான் பயானாகவே இருக்கட்டும். அழைப்பிதழ் எல்லாச் சமூகத்தாருக்கும் போகிறது என்றால் மட்டும் பக்கத்திலேயே ‘விளக்கவுரை’ என்று ஒரு சொல் சேர்த்து அச்சடிக்கலாம்.