அட்டவணை வேறு, தரவு வேறு

போன வாரமும் ஒரு மாணவி வந்தார். ஆய்வேட்டைக் கொடுக்க ஒரு மாதம்கூட இல்லை. சிங்கப்பூரில் வீட்டில் தமிழ் பேசும் குடும்பங்கள் துணைப்பாடத்துக்கு, அதாவது டியூஷனுக்கு, எவ்வளவு செலவு செய்கின்றன என்பது தலைப்பு; ஒப்புதலும் வாங்கிவிட்டார். "குடும்பச் செலவு ஆய்வோட ரா டேட்டாவை எங்க டவுன்லோட் பண்றது, அக்கா?" என்று கேட்டார். பல்கலைக்கழக நூலகத்தில் தரவு உதவிப் பிரிவில் இருக்கும் எனக்கு, ஒவ்வொரு பருவமும் வரும் கேள்விதான் இது.

எங்கேயும் பதிவிறக்க முடியாது. சிங்கப்பூர்ப் புள்ளிவிவரத் துறை இணையத்தில் தருவது தொகுத்த அட்டவணைகளை. வருமானப் பிரிவு வாரியாக, வீட்டு வகை வாரியாகச் சராசரிகள் இருக்கும். ஒரு குடும்பம், அதன் மொழி, அதன் செலவு என்று வரிவரியாக இருக்காது. தனிப்பட்டவரின் விவரத்தை வெளியிடக்கூடாது என்று 1973ஆம் ஆண்டுப் புள்ளிவிவரச் சட்டமே சொல்கிறது. அந்த உறுதியை நம்பித்தான் மக்கள் வருமானத்தையும் செலவையும் சொல்கிறார்கள். அது காக்கப்பட வேண்டும்.

இதைச் சொன்னதும் வந்த பதில்தான் என்னை எழுத வைத்தது: "பரவாயில்லக்கா, அட்டவணைய வச்சே கணக்குப் போட்டுக்கிறேன்."

எப்படிப் போடுவீர்கள்? 2023 ஆய்வின்படி துணைப்பாடத்துக்கு மக்கள் செலவழித்தது 180 கோடி வெள்ளி. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு. இரண்டையும் பெருக்கினால் நாலரைக் கோடி. விடை கிடைத்தது போலத் தெரியும். ஆனால் அந்த 2.5 விழுக்காடு ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள ஆட்களின் பங்கு, குடும்பங்களின் பங்கு அல்ல. ஆண்டும் வேறு. இவற்றையெல்லாம் சரிசெய்தாலும் பெரிய ஓட்டை அப்படியே இருக்கும்: தமிழ் பேசும் குடும்பமும் மற்றக் குடும்பங்களைப் போலவே செலவு செய்கிறது என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள். ஆய்வுக் கேள்வியே அதுதானே! மொழி ஓர் அட்டவணையில், செலவு இன்னோர் அட்டவணையில். இரண்டும் ஒரே குடும்பத்தில் எப்படிச் சேர்கின்றன என்பது எந்தப் பெருக்கலிலும் வராது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

இன்னொன்று. வேலை அனுமதியில் வந்து தங்குவிடுதியில் இருக்கும் நம் ஊழியர்களைப் பற்றி இந்தக் குடும்பச் செலவு ஆய்வை வைத்து எழுத நினைப்பவர்களும் வருகிறார்கள். அது குடிமக்களோ நிரந்தரவாசிகளோ தலைமை வகிக்கும் குடும்பங்களைப் பற்றியது. ஊழியர்கள் அதில் இல்லவே இல்லை.

குடும்ப அளவிலான தரவுதான் வேண்டும், நாடு எதுவானாலும் சரி என்றால் வழி இருக்கிறது. இந்தியாவின் 2022-23 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வில் 2,61,746 குடும்பங்களின் பதிவுகள் உண்டு, தமிழ்நாடும் சேர்த்து. புள்ளியியல் அமைச்சகத்தின் தளத்தில் பதிவுசெய்து இலவசமாகப் பெறலாம். திறந்தால் வெறும் எண்களாக ஓடும். பயப்பட வேண்டாம், எந்த எண் எதைக் குறிக்கிறது என்று சொல்லும் லேஅவுட் கோப்பு கூடவே வரும், அதைப் பாருங்கள். ஒவ்வொரு பதிவும் எத்தனை குடும்பங்களுக்குப் பிரதிநிதி என்று சொல்லும் வெயிட்டைப் போடாமல் சராசரி எடுத்துக்கொண்டு என்னிடம் வராதீர்கள். இந்தியாவின் தேசியக் குடும்பநல ஆய்வில் வருமானம் தேடுவோருக்கும் ஒரு வார்த்தை: அதில் வருமானம் கிடையாது, வீட்டில் என்னென்ன பொருள், வசதி இருக்கின்றன என்பதை வைத்துப் போட்ட சொத்துக் குறியீடுதான் உண்டு. கேள்வித்தாளை முதலில் படித்திருந்தால் ஒரு மணி நேரத்தில் தெரிந்திருக்கும்.

சீனியரிடமிருந்து டெலிகிராமில் கோப்பை வாங்காதீர்கள். தரவை வாங்கும்போது அவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது அவருடைய ஆய்வுக்கு மட்டும். நீங்களே விண்ணப்பியுங்கள், அதற்குரிய நேரத்தையும் ஒதுக்குங்கள். 2025 தொடக்கத்தில் அமெரிக்க நிதி நின்று, பல நாடுகளின் மக்கள்தொகை, சுகாதார ஆய்வுகளை வழங்கிவந்த திட்டம் முடங்கியபோது, புதிதாகத் தரவு கேட்டவர்களுக்குப் பதில் சொல்லக்கூட ஆளில்லை.

உள்ளூர்த் தரவில் வெளியிடாத ஓர் அட்டவணை வேண்டுமென்றால் துறைக்கே எழுதிக் கேளுங்கள். எந்த ஆண்டு, எந்த மாறிகள் (மொழி, செலவு போன்றவை), எதற்காக என்று தெளிவாக எழுதுங்கள். பதில் வந்தபிறகு தலைப்பை மேற்பார்வையாளரிடம் கொண்டுபோங்கள். எழுதத் தெரியவில்லை என்றால் பருவத்தின் முதல் வாரத்திலேயே என்னிடம் வாருங்கள், சேர்ந்து எழுதுவோம்.