அவள் சாப்பிட்டாளா என்று யாருக்கும் தெரியவில்லை

பொலிவியாவில் லா பாஸை ஒட்டி, 4,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது எல் ஆல்ட்டோ. அய்மாரா மக்கள் பெருமளவில் வாழும் நகரம். அங்கே நான் குடும்ப சிகிச்சை அளித்தபோது மெலிந்துகொண்டே போன ஒரு பதினாறு வயதுப் பெண்ணை அழைத்துவந்தார்கள். விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.

"எல்லாரோடும் உட்கார்ந்துதானே சாப்பிடுகிறாள்" என்றார் அம்மா. அவர் பொய் சொல்லவில்லை. அப்தாப்பி என்பது கூட்டுச் சாப்பாடு. அவரவர் கொண்டுவந்த உருளைக்கிழங்கு, சோளம், உறைபனியில் போட்டு மிதித்துக் காயவைத்த சுன்யோ என்னும் உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் நெய்த துணிமேல் பரப்பி, சுற்றி உட்கார்ந்து கையால் எடுத்துச் சாப்பிடுவார்கள். யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று யார் பார்க்கப் போகிறார்கள்? இவள் கிழங்குத் தோலை உரித்துக்கொண்டே இருப்பாள், உரித்ததைத் தம்பி பக்கம் தள்ளிவிடுவாள். தம்பிமேல் பாசம் என்று நினைத்திருக்கிறார்கள்.

வளரிளம் பருவத்து அனோரெக்சியாவுக்கு, அதாவது எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டைத் தவிர்க்கவைக்கும் நோய்க்கு, குடும்பத்தோடு சேர்ந்து செய்யும் சிகிச்சை நல்ல பலன் தருகிறது. 1980-களில் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான முறை இது. முதலில் சாப்பாட்டுப் பொறுப்பு முழுக்கப் பெற்றோரிடம் இருக்கும். எடை ஏற ஏற, கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளையிடமே திரும்பும். யார்மேலும் பழி இல்லை. நோய் வேறு, பிள்ளை வேறு.

இந்தக் கடைசி விஷயத்தை நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. பயந்ததில் பேத்தியின் அஹாயு, அதாவது ஆன்மா, உடலை விட்டுப் போய்விட்டது என்று பாட்டி முன்பே சொல்லியிருந்தார். அவள் துணியைக் கையில் பிடித்து, பேர் சொல்லி, "ஹுதம்", வா, என்று கூப்பிட்டும் பார்த்திருந்தார். நான் தடுக்கவில்லை. ஆனால் மயக்கம், நாடித்துடிப்பு குறைவது, மாதவிடாய் நிற்பது இருந்தால் மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடவே கூடாது என்று உறுதியாகச் சொன்னேன். மாமா ஒருவர் கரிசிரியின் பேச்சை எடுத்தார். உடம்பின் கொழுப்பைத் திருடுபவனாம். அந்தப் பேச்சை மட்டும் நான் வளரவிடவில்லை. அது சீக்கிரமே அக்கம்பக்கத்தில் யாரோ ஒருவர்மேல் சந்தேகமாகத் திரும்பிவிடும்.

அப்புறம், கொஞ்ச நாளைக்கு அவளுக்குத் தனித்தட்டில் பரிமாறச் சொன்னேன். பாட்டி முகம் சுருங்கியது. எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் துணியை விட்டுப் பிள்ளையைத் தள்ளிவைப்பதா? நான் அதை யோசித்திருக்கவில்லை. கடைசியில் அவரே வழி சொன்னார்: "எனக்கும் ஒரு தட்டு வையுங்கள்."

இருவருக்கும் ஒரே அளவு பரிமாறினோம். முதல் நாள் ஒரு மணி நேரத்துக்கு மேலானது. பேத்தி முடிக்கும் வரை பாட்டி எழுந்திருக்கவில்லை. தம்பியைப் பக்கத்தில் உட்காரவைக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவைத்தேன்.